சனிக்கிழமை கடையடைப்பவர்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வார விடுமுறை பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, "எங்கள் அப்பா வியாசர்பாடியில் சனிக்கிழமை கடை திறக்காத மளிகைக்காரர்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்திருந்த கிறிஸ்தவர் அவர். இந்த மாதத் தபால் முழுவதும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் ஊர்ப்பெயர் மட்டும்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் சனிக்கிழமை காலையில் வேதாகமத்தோடு கிளம்பிப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி துவைக்கிறார்கள். இவர்கள் யூதர்களா, வேறு மதமா?
பெரம்பூர் வாசகி

யூதர்களும் இல்லை, வேறு மதமும் இல்லை. இயேசுவை இரட்சகர் என்று நம்பி ஞானஸ்நானம் எடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள். நீங்கள் படிக்கும் அதே வேதாகமம்தான் அவர்கள் கையிலும் இருக்கும். பாடுவதும் பல நேரம் அதே பாட்டுத்தான். மாறுவது நாள்.

பத்துக் கட்டளைகளில் நான்காவது ஓய்வுநாள் கட்டளை. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் எண்ணும் வரிசையில் அது மூன்றாவது. ஆறு நாள் வேலை செய், ஏழாம் நாள் ஓய்ந்திரு என்கிறது. "கொலை செய்யாதே, களவு செய்யாதே என்ற ஒன்பதையும் அப்படியே வைத்துக்கொண்டீர்கள். இந்த ஒன்றை மட்டும் யார் உங்களுக்கு மாற்றிக் கொடுத்தது?" என்று அவர்கள் கேட்பார்கள். அவர்கள் வாதத்தின் ஆணிவேர் இதுதான். அது யூதருக்குக் கொடுத்தது என்று நீங்கள் சொன்னால், ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தை விரிப்பார்கள். உலகத்தைப் படைத்து முடித்த ஏழாம் நாளை தேவன் ஆசீர்வதித்தபோது யூதர் என்று ஓர் இனமே இல்லையே என்பார்கள். இயேசு ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போவதை வழக்கமாக வைத்திருந்தார், அவரை அடக்கம் செய்த பிறகு பெண்கள் கட்டளைப்படி ஓய்ந்திருந்தார்கள், அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரத்தில் ஓய்வுநாள்தோறும் பேசினார் என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்யவைப்பதால் தடுமாறாமல் சொல்வார்கள். நானே சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையாரிடமும் பதில் இருக்கிறது. இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள். துரோவா என்ற ஊரில் சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடியதும் முதல் நாள். ஓய்வுநாள் விஷயத்தில் ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்த இடம் கொடாதிருங்கள் என்று கொலோசெயருக்குப் பவுல் எழுதினார். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறவள். இரண்டு பக்கத்துப் பிரசங்கமும் கேட்டு வளர்ந்த காது எனக்கு. சனிக்கிழமைக்காரர்களைப் பைத்தியக்காரர்கள் என்று பேசுகிற ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் அந்த நான்காம் கட்டளையை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம் என்றுதான் தோன்றும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அவர்களுடைய ஓய்வுநாள் சனிக்கிழமை காலையில் தொடங்குவதில்லை. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தவுடன் தொடங்கி, சனிக்கிழமை சூரியன் மறையும்போது முடியும். ராயபுரத்திலோ புளியந்தோப்பிலோ முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. வியாழக்கிழமை சூரியன் மறைந்ததும் தொழும் மக்ரிப் தொழுகை ஆனதும் அவர்களுக்கு வெள்ளி இரவு வந்துவிடும்.

அப்பா கடை பலகைக் கடை. கதவுக்குப் பதில் பலகைகளைக் காடி என்கிற பள்ளத்தில் வரிசையாகச் செருகி மூடுவது. ஒவ்வொரு பலகையிலும் சுண்ணாம்பால் எண் போட்டிருக்கும். வரிசை மாறினால் கடைசிப் பலகை காடியில் உட்காராது. சபையில் கொடுத்த அஸ்தமன நேர அட்டவணை கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டியிருக்கும். சென்னையில் நவம்பரில் ஐந்து நாற்பதுக்கே சூரியன் இறங்கிவிடும், ஜூலையில் ஆறு நாற்பது வரை நிற்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் கற்பூரம், ஊதுவத்தி, வெற்றிலை பாக்கு, நல்லெண்ணெய் என்று தெருவே கடைக்கு வரும். மளிகைக் கடைக்காரனுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. சரியாக அந்த நேரத்தில் அப்பா முதல் பலகையைத் தூக்கிக் காடியில் நிறுத்துவார். "அண்ணாச்சி, ஒரே ஒரு கட்டிக் கற்பூரம்" என்று யாராவது ஓடிவருவார்கள். அஸ்தமனத்துக்கு ஒரு நிமிஷம் இருந்தாலும் கொடுப்பார், தாண்டிவிட்டால் எதிர்க்கடையைக் கைகாட்டுவார். எதிர்க்கடைக்காரர் அப்பாவுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பு கொடுத்தனுப்பியதில் ஆச்சரியமில்லை.

பாதி நஷ்டம் மறுநாள் இரவு ஈடாகிவிடும். வாரக்கூலி வாங்குகிறவர்கள் சனிக்கிழமை ராத்திரிதான் சாமான் கட்ட வருவார்கள். சூரியன் மறைந்ததும் ஜெபம் முடித்து மறுபடியும் பலகையைப் பிரித்தால், பத்து மணி வரை தராசு கீழே இறங்காது.

காலண்டரை எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறார்கள். இன்றைய சனிக்கிழமைதான் அந்த ஏழாம் நாள் என்று எப்படிச் சொல்ல முடியும்?
கொடுங்கையூர் வாசகர்

மாற்றியது தேதியை. கிழமை அறுந்ததே இல்லை. போப் பதிமூன்றாம் கிரகோரி 1582இல் நாள்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4 வியாழக்கிழமை, மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை. ஆங்கிலேயர் 1752இல்தான் அதை ஏற்றார்கள். அங்கும் செப்டம்பர் 2 புதன், மறுநாள் செப்டம்பர் 14 வியாழன். உலகமெல்லாம் சிதறிப் போன யூதர்களும் எல்லா நாட்டிலும் ஒரே நாளைத்தான் ஓய்வுநாளாக வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பசிபிக் கடலில் டோங்கா என்று ஒரு தீவு நாடு. ஒரு பக்கம் ஒரு நாள், மறுபக்கம் அடுத்த நாள் என்று பிரிக்கும் சர்வதேசத் தேதிக்கோட்டை அந்த நாட்டுக்காக வளைத்துப் போட்டிருக்கிறார்கள். கோடு நேராகப் போயிருந்தால் அவர்களுடைய ஞாயிறு சனிக்கிழமையாக இருக்கும் என்று சொல்லி, அங்குள்ள ஏழாம் நாள் சபையார் ஞாயிற்றுக்கிழமை ஆராதிக்கிறார்கள்! எங்கள் சித்தப்பா இதைச் சொல்லித்தான் அப்பாவைச் சீண்டுவார்.

ஞாயிறு ஆராதனையை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் புகுத்தினார், அதற்கு முன் எல்லாக் கிறிஸ்தவர்களும் சனிக்கிழமைதான் கூடினார்கள் என்று ஒரு துண்டுப்பிரசுரம் கையில் கொடுத்தார்கள். உண்மையா?
ராயபுரம் வாசகர்

பாதி உண்மை. கான்ஸ்டன்டைன் கி.பி. 321 மார்ச் 7 அன்று ஆணை போட்டது உண்மை. சூரியனுடைய நாளில் நீதிபதிகளும் நகரத்தாரும் ஓய்ந்திருக்க வேண்டும், தொழிற்கூடங்களை மூட வேண்டும் என்றார். விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு, விதைப்புக்காலம் தவறக் கூடாது என்பதற்காக. அரசு விடுமுறை என்ற அந்தஸ்து ஞாயிற்றுக்கு அங்கேதான் கிடைத்தது.

ஆனால் அவருக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் முன்னாலேயே, ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில், ஞாயிற்றுக்கிழமை நகரத்திலும் கிராமத்திலும் உள்ள விசுவாசிகள் ஓரிடத்தில் கூடி வேதம் வாசித்து அப்பம் பிட்கிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். ஆகவே புகுத்தினார் என்பது நிற்காது.

அதற்காக ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் உடனே கைதட்ட வேண்டாம். நாலாம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், கிறிஸ்தவர்கள் யூதரைப்போல ஓய்வுநாளான சனிக்கிழமையில் சும்மா இருக்கக் கூடாது, அன்று வேலை செய்ய வேண்டும் என்று தனியாக ஒரு விதியே போட்டது. யாருமே செய்யாத காரியத்துக்கு யாராவது தடை போடுவார்களா? அடுத்த நூற்றாண்டில் சாக்ரட்டீஸ் என்ற சபை வரலாற்றாசிரியர் (தத்துவஞானி வேறு, இவர் வேறு), ரோமும் அலெக்சாந்திரியாவும் நீங்கலாக ஏறக்குறைய எல்லாச் சபைகளும் வாரந்தோறும் ஓய்வுநாளிலும் திருவிருந்து நடத்துகின்றன என்று குறித்திருக்கிறார். எத்தியோப்பியாவின் பழைய சபை சனி, ஞாயிறு இரண்டையுமே பரிசுத்த நாளாக வைத்திருக்கிறது. அங்கே அதற்காகப் பெரிய சண்டை நடந்து, 15ஆம் நூற்றாண்டில் சர யாக்கோபு என்ற அரசர் காலத்தில்தான் சமாதானமானார்கள்.

ஒரே ராத்திரியில் ஒரு அரசர் மாற்றிவிட்டார் என்றால் கதை சொல்ல வசதி. நடந்தது நூற்றாண்டுக்கணக்கில், ஊருக்கு ஊர் வேறு மாதிரி. துண்டுப்பிரசுரத்தில் அதற்கெல்லாம் இடம் இருக்காது.

இதுவும் அமெரிக்காக்காரன் கொண்டுவந்த இறக்குமதிச் சரக்குத்தானே?
தண்டையார்பேட்டை வாசகர்

இந்தத் "தானே"யில் இருக்கிற நிச்சயத்தைப் பார்த்தால் பதிலே வேண்டாம் போலிருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஒரு கிளை அமெரிக்காவிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழாம் நாள் பாப்டிஸ்டுகள் என்று ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் 1671இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் சபை தொடங்கினார்கள். அந்த மரபில் வந்த ரேச்சல் ஓக்ஸ் என்ற பெண்மணி 1844 வாக்கில், கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்காகக் காத்திருந்த ஒரு கூட்டத்தாரிடம் ஓய்வுநாளைப் பற்றி எடுத்துச் சொன்னார். அங்கிருந்து வளர்ந்து 1863இல் மிச்சிகன் மாநிலத்தில் முறையாக அமைந்தது ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. இன்று உலகம் முழுவதும் இரண்டு கோடிக்கு மேல் அங்கத்தினர்கள். 1893இல் லென்கர், ஸ்ட்ரூப் என்ற, மதப் புத்தகங்கள் விற்கும் இரண்டு ஊழியர்கள் சென்னையில் வந்திறங்கினார்கள். இந்தியாவில் அந்தச் சபையின் கதை இப்படி நம் ஊர்த் துறைமுகத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ஆனால் அவர்கள் வருவதற்கு முப்பத்தாறு ஆண்டுக்கு முன்பே திருநெல்வேலிச் சீமையில் சனிக்கிழமை ஓய்வுநாள் இருந்தது. நாசரேத்துப் பக்கம் பிரகாசபுரம், மூக்குப்பீறி. சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் என்ற உபதேசியார் அங்கிருந்த ஜெர்மானிய மிஷனரியோடு மோதி வேலையை இழந்தார். கால்டுவெல் 1849இல் சாணார் (இன்று நாடார்) சமுதாயத்தைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் அந்த மக்களைப் புண்படுத்தியிருந்த காலம் அது. கிரேக்கமும் எபிரெயமும் படித்திருந்த இந்த மனிதர் 1857இல் தனியாகப் பிரிந்து ஒரு சபை கண்டார். ஏக இரட்சகர் சபை என்று பெயர். கிறிஸ்தவம் வேண்டும், வெள்ளைக்காரன் வழக்கம் வேண்டாம் என்பது அவர் கட்சி. வெள்ளைக்காரன் வழக்கம் எது என்று பிரித்துப் பார்க்கப் பழைய ஏற்பாட்டைக் கையில் எடுத்தார். ஓய்வுநாள் சனிக்கிழமைக்குப் போனது. தூபம் வந்தது, சாஷ்டாங்கமாய் விழுந்து கும்பிடுவது வந்தது, முதற்பலன் காணிக்கை வந்தது, மோசேயின் சுத்தச் சட்டங்களும் பண்டிகைகளும் வந்தன. இதில் பாதி வழக்கம் தமிழருக்கு ஏற்கெனவே பழகியதுதான் என்பதை அவர் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

பிற்பாடு, 1908 வாக்கில், ஜேம்ஸ் என்ற அட்வென்டிஸ்ட் மிஷனரி பிரகாசபுரத்துக்கு வந்தபோது ஓய்வுநாளைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க அவருக்கு வேலையே இல்லை. பள்ளிக்கூடம்தான் தேவைப்பட்டது, ஆரம்பித்தார்.

எங்கள் பாட்டி பிரகாசபுரத்துக்காரி. ஏக இரட்சகர் சபையில் வளர்ந்தவள். பேரன் பேத்திகள் நாங்கள் ஓய்வுநாள் பள்ளியில் ஆங்கிலப் பாட்டுப் பாடுவதைக் கேட்டு, "இந்தப் பாட்டெல்லாம் பிந்தி வந்தது, நாளு முந்தி வந்தது" என்பாள். இறக்குமதியா இல்லையா என்பதை அவளிடம் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்.

ஓய்வுநாள் சரி. சிலர் பஸ்கா, கூடாரப் பண்டிகை என்று பழைய ஏற்பாட்டுப் பண்டிகையெல்லாம் கொண்டாடுகிறார்களே, கிறிஸ்துமஸ் மட்டும் கிடையாதாமே? பிள்ளைகள் பாவம் இல்லையா?
எம்.கே.பி. நகர் வாசகி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சனிக்கிழமை ஆராதிக்கிற எல்லோரும் பண்டிகை ஆசரிப்பவர்கள் இல்லை. நான் பிறந்த வீடு அட்வென்டிஸ்ட். பத்துக் கட்டளை கல்லில் எழுதியது, என்றைக்கும் உள்ளது, பலியும் பண்டிகையும் சிலுவையோடு நிறைவேறிவிட்டது என்பது அந்தச் சபையின் நிலை. ஆகவே எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. ஆனால் எங்கள் பெரியம்மா, அம்மாவின் சொந்த அக்கா, ஒரு வீட்டுச்சபையில் சேர்ந்து பண்டிகைக்காரியாகிவிட்டார். இரண்டு சகோதரிகளுக்கும் வாழ்நாள் முழுக்க இதே வாக்குவாதம்.

பெரியம்மா கட்சியின் வாதம் இது. லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் வாராந்தர ஓய்வுநாளும் ஆண்டுப் பண்டிகைகளும் ஒரே பட்டியலில், ஒரே பெயரில், கர்த்தருடைய பண்டிகைகள் என்று இருக்கின்றன. அதே பட்டியலில் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவது என்ன நியாயம்? பஸ்காவில் கிறிஸ்து பலியானார், பெந்தெகொஸ்தே அன்று ஆவியானவர் இறங்கினார். வசந்தகாலப் பண்டிகைகள் அந்தந்த நாளிலேயே நிறைவேறின. எக்காளப் பண்டிகை, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை ஆகிய மூன்றும் இனி நிறைவேற வேண்டியவை, காத்திருக்கிறோம் என்பார்கள். கடைசி நாட்களில் எல்லாத் தேசத்தாரும் எருசலேமுக்குக் கூடாரப் பண்டிகைக்கு வருவார்கள் என்று சகரியா தீர்க்கதரிசி சொன்னதைக் காட்டுவார்கள். கிறிஸ்துமஸுக்கு வேதத்தில் தேதி இல்லை. டிசம்பர் 25 என்பதற்கு உறுதியான பழைய சான்று ரோமில் கி.பி. 354இல் தொகுத்த ஓர் ஆண்டுக்குறிப்பில்தான் கிடைக்கிறது. அது மனுஷர் வைத்த நாள், இது தேவன் வைத்த நாள் என்று முடித்துவிடுவார்கள்.

எதிர்க்கட்சி கேள்வியும் லேசானது இல்லை. பண்டிகை என்றால் பலி, பலி என்றால் எருசலேம் ஆலயம். ஆலயம் கி.பி. 70இல் இடிந்துபோனது. அப்படியானால் இன்று யாருமே நியாயப்பிரமாணத்தில், அதாவது மோசேயின் சட்டத்தில், எழுதியபடி முழுதாகக் கொண்டாட முடியாது. கூடுவதும் உபவாசமும் புளிப்பில்லாத அப்பமும்தான் மிச்சம்.

அமெரிக்காவில் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் 1930களில் வானொலிப் பிரசங்கத்தோடு தொடங்கிய சபை ஒன்று, பண்டிகைகளைக் கட்டாயமாக வைத்துப் பெரிதாக வளர்ந்தது. அவர் காலத்துக்குப் பிறகு 1990களின் நடுவில் தலைமையே கட்டாயத்தை எடுத்துவிட, சபை துண்டு துண்டாய் உடைந்தது. பண்டிகையை விட முடியாமல் பிரிந்து போனவர்கள் இன்றும் தனித்தனிச் சபைகளாக இருக்கிறார்கள்.

தேதியும் நம் காலண்டரில் பார்த்துத் தெரிவதில்லை. யூத மாதம் சந்திரனை வைத்து ஓடும், சில ஆண்டுகளில் ஒரு மாதத்தையே கூடுதலாகச் சேர்ப்பார்கள். 2024இல் ஈஸ்டர் மார்ச் 31 அன்றே முடிந்துவிட்டது, யூதர்களின் பஸ்கா ஏப்ரல் 22 சாயங்காலம்தான் வந்தது.

பிள்ளைகள் பாவமா என்று கேட்டீர்கள். பெரியம்மா வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து நாங்கள்தான் பொறாமைப்பட்டோம். பஸ்காவுக்கு முந்தின நாள் புளித்த மாவு ஒரு துளி வீட்டில் இருக்கக் கூடாது என்று பெரியம்மா இட்லி மாவுச் சட்டியைத் துடைத்துக் கவிழ்ப்பார். பிறகு ஆட்டுரலைக் கழுவுவார், குழவிக்கு அடியில் விரலை விட்டுத் தேய்த்துக் கழுவுவார். ரொட்டித்தூள் தேடி அலமாரியில் விரித்த பேப்பரை உதறுவார். ஏழு நாளும் சப்பாத்தி, இடியாப்பம், உப்புமா. கோதுமை, வாற்கோதுமை மாதிரி ஐந்து தானியங்கள் புளித்தால்தான் யூதச் சட்டப்படி தடை, அரிசி அந்தக் கணக்கில் வராது என்று பின்னாளில் படித்துவிட்டுச் சொன்னேன். "பொங்கி வழியறது புளிப்பு இல்லாம என்னடி?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிட்டார்.

கூடாரப் பண்டிகைக்கு மொட்டைமாடியில் சவுக்குக் கம்பு நட்டு, மேலே தென்னங்கீற்று. ஏழு நாள் சாப்பாடு அங்கேதான். பிள்ளைகள் படுக்கையும் அங்கேதான். வனாந்தரத்தில் கூடாரத்தில் குடியிருந்ததை நினைக்கும் பண்டிகை, கூரையின் இடுக்கில் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது யூத வழக்கம். இஸ்ரவேலில் அது அறுவடை முடிந்து, மழை இன்னும் பிடிக்காத நேரம். நமக்குப் புரட்டாசி, சில ஆண்டு ஐப்பசி! மழை சரியாக அந்த வாரத்தில் வந்து இறங்கும். பெரியப்பா தார்ப்பாயோடு மாடிப்படியில் நிற்பார், போட்டால் நட்சத்திரம் தெரியாது என்று பெரியம்மா தடுப்பார். பழைய யூத நூலான மிஷ்னாவில் இதற்கே ஒரு வாசகம் இருக்கிறது. கஞ்சி கெட்டுப்போகிற அளவுக்கு மழை பெய்தால் கூடாரத்தை விட்டு வெளியேறலாம் என்று அனுமதித்துவிட்டு, அது எஜமானுக்குப் பானம் ஊற்றப் போன வேலைக்காரன் முகத்திலேயே எஜமான் அதைக் கொட்டின மாதிரி என்று வருத்தப்படுகிறது. எங்கள் பக்கம் மழைக்கு நனைந்துபோவது ரசம் சாதம். பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டம், தட்டைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடுவார்கள். மழை விட்டதும் மறுபடி மேலே.

அவர்கள் மீன் சாப்பிட மாட்டார்களா?
காசிமேடு வாசகர்

சாப்பிடுவார்கள். லேவியராகமம் 11இன்படி சிறகும் செதிலும் உள்ளது. ஆகவே வவ்வால், மத்தி, சங்கரா சரி. இறால், நண்டு, கடம்பா, சுறா, கெளுத்தி கிடையாது. பன்றிக்கறியும் இல்லை. அட்வென்டிஸ்ட் வீடுகளில் சைவமே விரும்புகிறவர்களும் நிறைய. வஞ்சிரத்துக்குச் செதில் உண்டா என்று எங்கள் வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. நீங்கள் மீன்காரராக இருந்தால், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அவர்கள் தெருவுக்குப் போய்விடுங்கள்.

பத்துப் பதினைந்து பேரை வைத்து ரெடிமேட் தைக்கும் யூனிட் நடத்துகிறேன். புதிதாக வந்த பெண் நன்றாகத் தைக்கிறாள், ஆனால் சனிக்கிழமை வரமாட்டேன் என்கிறாள். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள். என்ன செய்வது?
வண்ணாரப்பேட்டை வாசகர்

எல்லோரும் சனிக்கிழமை கேட்பார்களா, ஒரு நாள் கேட்பார்களா? இரண்டாவது என்றால் அது அவர்கள் உரிமை, அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நம் நாட்டுத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வானத்திலிருந்து விழவில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களைத் திரட்டி நாராயண் மேகாஜி லோகாண்டே பல ஆண்டுகள் போராடி, 1890இல்தான் அங்கே மில்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாரத்தின் முதல் நாளை, அதாவது ஞாயிற்றுக்கிழமையை, விடுமுறை என்றது. அதோடு நிற்கவில்லை. அன்று வேலை வாங்குவதானால் அதற்கு முந்தைய மூன்று நாளிலோ பிந்தைய மூன்று நாளிலோ ஒரு முழு நாள் விடுமுறை கொடுத்துவிட வேண்டும், முன்கூட்டியே அறிவித்து எழுதி ஒட்ட வேண்டும் என்றது. சனிக்கிழமை அந்த முந்தைய மூன்று நாளில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து தனியாக உட்கார்ந்து காஜா, பட்டன் வேலையை முடித்து வைத்தால் திங்கட்கிழமை உங்களுக்கு லாபம். ஷட்டரைத் திறந்துவிட ஒரு ஆளும், துணைக்கு இன்னொரு பெண்ணும் வேண்டும், அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை ஆட்கள் எண்ணிக்கை, மின்சார மெஷின் எல்லாம் பார்த்துத் தொழிலாளர் துறையில் கேட்டுக்கொள்வது நல்லது.

இதே வழக்கு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தெற்கு கரோலினாவில் ஒரு துணி மில்லில் அடேல் ஷெர்பர்ட் என்ற அட்வென்டிஸ்ட் பெண் வேலை செய்தார். மில் ஆறு நாள் வேலைக்கு மாறியதும் சனிக்கிழமை வர மறுத்தார், வேலை போயிற்று. வேலையில்லாதோர் உதவித்தொகையும் தர மாட்டோம் என்றது மாநில அரசு. 1963இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. வேலையா விசுவாசமா என்று ஒருவரை அரசு நெருக்கக் கூடாது என்று அந்த நீதிபதிகள் சொன்னார்கள்.

வேதத்தை வைத்தே பேசினாலும் இது முதலாளிக்குச் சொன்ன கட்டளை. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் இதே கட்டளை மறுபடி வருகிறது. அங்கே காரணம் வேறு: உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய். மாட்டுக்கும் கழுதைக்கும்கூட ஓய்வு. சனியா ஞாயிறா என்று ராத்திரி முழுக்க வாதாடுகிறவர்கள் யாரும் இந்த வசனத்தில் நின்று நான் பார்த்ததில்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு வாரத்தில் ஏழு நாளும் வேலை வைத்துவிட்டு ஓய்வுநாள் எது என்று சண்டை போடுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது? அப்பா கடையில் சாத்தான்குளத்துப் பையன் ஒருவன் இருந்தான், இந்து. சனிக்கிழமை அவனுக்கும் சம்பளத்தோடு லீவு. அகஸ்தியா தியேட்டரில் மேட்னி பார்ப்பான். அப்பா சினிமாவே பார்க்காதவர், ஆனாலும் கேட்டுக்கொண்டதில்லை.

அந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள். கை சுத்தமாகத் தைக்கிறவர்கள் கிடைப்பது கஷ்டம்.

மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் நல்ல வேலை, நல்ல குடும்பம். ஆனால் சனிக்கிழமை சபைக்காரர்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சபை. செய்யலாமா?
வியாசர்பாடி வாசகி

அம்மா, இரண்டு வீட்டாரும் முதலில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். மகள் என்ன நினைக்கிறாள் என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு எந்தச் சபை என்று விசாரியுங்கள். ஓய்வுநாள் மட்டுமா, பண்டிகையும் உண்டா, கிறிஸ்துமஸுக்குத் தாய்வீடு வர விடுவார்களா, மகள் தன் ஆலயத்துக்குத் தொடர்ந்து போகலாமா, மறுபடி ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வார்களா, இதெல்லாம் நிச்சயத்துக்கு முன்பே கேட்க வேண்டியவை. பின்னால் கேட்டால் சண்டை. உங்கள் மகள் நர்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். நோயாளியைக் கவனிப்பது ஓய்வுநாளில் ஆகாது என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், அட்வென்டிஸ்ட் சபை உலகமெங்கும் ஆஸ்பத்திரி நடத்துகிற சபை. பிள்ளைகள் பிறந்தபின் சனிக்கிழமைப் பரீட்சை வரும்போது என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. அதையும் இப்போதே பேசலாம், தப்பில்லை.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை எங்கள் அம்மாவுக்கு இரண்டு நாள் வேலை. மறுநாளைக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும், வீடு கழுவ வேண்டும், எங்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, சபைக்குப் போடும் துணியை இஸ்திரி போட்டு மடித்து வைக்க வேண்டும். எல்லாம் அஸ்தமனத்துக்குள். அப்பா கடைசிப் பலகையை மாட்டிவிட்டு உள்ளே வரும்போது அம்மா குழம்புச் சட்டியை இறக்கிக்கொண்டிருப்பாள், வியர்வை சொட்டும். எல்லோரும் பாயில் உட்கார்ந்து ஓய்வுநாள் பாட்டு ஆரம்பித்தபிறகுதான் முகம் கழுவப் போவாள். உங்கள் மகளும் வேலைக்குப் போகிறவள். வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டிருப்பாள். பையன் வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுச் சமையற்கட்டில் நிற்பாரா என்று நேராக அவரிடமே கேட்டுவிடுங்கள்.